சம்பவம் கதையாகும் இடம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சிறுகதை என்றால் என்ன என்று உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரே இருப்பில் வாசித்து முடிக்கத்தக்கது, ஒரு சம்பவத்தையோ ஓர் உணர்வையோ மையமாகக் கொண்டது, குறைந்த பாத்திரங்களை உடையது, தேவையற்ற ஒரு சொல்லும் இல்லாதது என்று தடங்கலின்றி ஒப்புவிப்பார். அவர் கூறுவதிலே பிழையில்லை. இவற்றுட் சில, அமெரிக்க எழுத்தாளர் எட்கார் அலன் போ 1842 ஆம் ஆண்டிலே நதானியல் ஹோதோர்ன் என்பாரின் கதைகளைப் பற்றி எழுதிய மதிப்புரையிலிருந்து வழிவழியாக வந்தவை. ஒரே இருப்பிலே வாசித்தல், வாசகன் மனத்திலே ஒரே விளைவை உண்டாக்குதல் என்னும் இரண்டையும் அவர் வற்புறுத்தினார். நம்மவரும் இத்துறையிலே சும்மா இருந்துவிடவில்லை. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1967 இல் வெளியிட்ட 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' என்னும் நூல், இவ்வடிவம் தமிழிலே ஏன் தோன்றியது, எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சமூக வரலாற்றோடு சேர்த்து விளக்கியது.

எனினும் ஒரு சிக்கல் உண்டு. இவ்வரைவிலக்கணங்கள் அனைத்தையும் மனனஞ் செய்த அதே மாணவர் ஒரு சிறுகதை எழுதவென்று அமர்ந்தால், முதலாவது வாக்கியத்திலேயே திகைத்துப் போகிறார். ஏனெனில் எழுதி முடிந்த கதை எப்படித் தோற்றமளிக்கும் என்பதைத்தான் வரைவிலக்கணம் கூறுகின்றது. அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அது கூறுவதில்லை. வீட்டின் நீள அகலம் தெரிந்தவரெல்லாம் மேசன் ஆகிவிட முடியாதல்லவா?

ஆகவே இன்றைய உரையிலே வரைவிலக்கணங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரேயொரு வினாவை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஒரு சம்பவம் எந்த இடத்திலே கதையாக மாறுகின்றது என்பதே அவ்வினா.

இவ்வினா வேறெந்த நாட்டவருக்கும் உள்ளதைவிட நமக்கு முக்கியமானது. நம்மிடம் சம்பவங்களுக்குக் குறைவில்லை. 1983, 1990, 1995, 2004, 2009 என்று ஆண்டுகளை மட்டும் சொன்னாலே போதும். இந்நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் ஒவ்வொரு வீட்டிலும் எவரோ ஒருவர் எதையோ நினைத்துக்கொள்வார். எழுத விரும்பும் இளையவர்கள் பெற்றோரிடமும் பேரன் பேத்தியரிடமும் கேட்டறிந்த இத்தகைய சம்பவங்களையே எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அது இயல்பு, நியாயமுங்கூட. ஆனால் வாசித்துப் பார்த்தால் சம்பவம் கனமாக இருக்கின்றது. கதை இலேசாக இருக்கின்றது. எழுதியவருக்கு உணர்ச்சி இல்லை என்பது இதற்குக் காரணமன்று. சம்பவத்தின் கனம் தானாகவே கதைக்கு வந்து சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கையே காரணம். அது தானாக வந்து சேர்வதில்லை. கொண்டுவந்து சேர்ப்பதற்குத்தான் எழுத்தாளன் இருக்கிறான்.

தமிழ்த் தினப் போட்டிகளிலே சிறுகதை ஆக்கமும் ஒரு போட்டியாக இடம்பெறுவதை அறிவீர்கள். இத்தகைய போட்டிக் கதைகளைத் தொடர்ந்து வாசிக்கும் ஆசிரியர் எவருக்கும் சில முடிவுகள் நன்கு பழக்கமானவை. கதாநாயகி கண்விழிக்கிறாள், எல்லாம் கனவு. அல்லது தாய் இறந்துபோகிறாள், மகன் கதறுகிறான். அல்லது கெட்டவர் ஒரே பந்தியிலே மனந்திருந்தி, அடுத்த பந்தியிலே நமக்கு அறிவுரை கூறுகிறார். மாணவர்களை நான் குறைகூறவில்லை. சிறுகதையிலே 'படிப்பினை' எது என்று நாமே அவர்களைப் பத்து ஆண்டுகளாகக் கேட்டுவந்தோம். கேட்டதை அவர்கள் தருகிறார்கள்.

இனி, சம்பவம் வேறு, கதை வேறு என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குகிறேன்.

ருஷிய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் 1886 இல் எழுதிய ஒரு சிறுகதை உண்டு. 'துயரம்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். பீற்றர்ஸ்பேர்க் நகரிலே குதிரைவண்டி ஓட்டும் ஐயோனா என்னும் முதியவன். அவனுடைய மகன் அந்த வாரந்தான் இறந்துபோனான். பனி பொழியும் மாலைப்பொழுதிலே வண்டியோடு சவாரிக்குக் காத்திருக்கிறான். முதலிலே ஓர் இராணுவ அதிகாரி ஏறுகிறார். மகன் இறந்ததை அவரிடம் சொல்ல முயல்கிறான். அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்களை மூடிக்கொள்கிறார். அடுத்து மூன்று இளைஞர்கள் ஏறுகிறார்கள். அவர்கள் கேலி செய்கிறார்கள். பிறகு ஒரு வாயிற்காவலாளி. வண்டியை அப்பால் எடுக்கச் சொல்கிறான். தங்குமிடத்திலே தண்ணீர் குடிக்க எழுந்த இளம் வண்டிக்காரனிடம் சொல்கிறான்; அவன் போர்த்துக்கொண்டு உறங்கிவிட்டான். கடைசியிலே இலாயத்துக்குப் போய்த் தன் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்குகிறான். கதை அவ்வளவுதான்.

இதிலே சம்பவம் எது? மகனின் மரணம். அம்மரணத்தைச் செக்கோவ் காட்டினாரா? இல்லை. வைத்தியசாலை இல்லை, இறுதிச் சடங்கு இல்லை, ஒப்பாரி இல்லை. கதை தொடங்கும்போது எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அப்படியாயின் கதை எது? அந்த மரணத்தைக் கேட்பதற்கு ஒருவரும் இல்லை என்பதே கதை. மகன் இறத்தல் எந்தத் தகப்பனுக்கும் நேரக்கூடிய துன்பம். இலட்சக்கணக்கான மனிதர் நடமாடும் நகரத்திலே அதைச் சொல்வதற்கு ஒரு காது இல்லாமற் போதல் ஐயோனாவின் துன்பம். முன்னையது செய்தி. பின்னையதே சிறுகதை. எழுத்தாளனின் கை பட்ட இடம் இதுதான்.

செக்கோவைப் பற்றிப் பேசும்போது நமது நாட்டோடு அவருக்கு ஏற்பட்ட தொடர்பையும் குறிப்பிட வேண்டும். 1890 ஆம் ஆண்டிலே அவர் சகலின் தீவுக்குச் சென்று அங்கிருந்த கைதிகளின் நிலையை ஆராய்ந்தார். திரும்பும் வழியிலே கடற்பயணமாக வந்து, அவ்வாண்டு நொவெம்பரிலே இலங்கையில் இறங்கினார். கொழும்பையும் கண்டியையும் கண்டார். இத்தீவைச் சொர்க்கம் என்று கடிதத்திலே எழுதினார். அதே பயணத்தைப் பற்றிய கடிதத்திலே வேறொன்றையும் குறிப்பிட்டார். சிங்கப்பூரை நோக்கி வரும் வழியிலே கப்பலில் இறந்த இருவரின் உடல்கள் கடலிலே இடப்பட்டன. அதைக் கண்டு அவர் கலங்கினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே 'குசேவ்' என்னும் சிறுகதை. அதன் கரு இலங்கையிலே உருவானதென்று அவரே கூறியிருக்கிறார். அவ்வாண்டு டிசெம்பரிலே அது வெளியாகியது.

'குசேவ்' கதையிலே நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. செக்கோவ் ஒரு வைத்தியர். கடலடக்கத்தை நேரிலே கண்டவர். நாமாக இருந்தால் எப்படி எழுதியிருப்போம்? 'நான் கப்பலின் மேற்றளத்திலே நின்றேன். என் கண்கள் குளமாயின' என்று தொடங்கியிருப்போம். அவரோ தம்மை அக்கதையிலிருந்து முற்றாக நீக்கிவிட்டார். கதையின் பெரும்பகுதி, கசநோயினால் செத்துக்கொண்டிருக்கும் குசேவ் என்ற சாதாரண படையாளின் மனத்துக்குள்ளே நடக்கின்றது. வெப்பம் மிகுந்த கப்பலின் அடித்தட்டிலே கிடந்தபடி அவன் தன் ஊரின் பனியையும், சறுக்குவண்டியையும், தமையனின் குழந்தைகளையும் நினைக்கிறான். அவன் இறந்த பிறகு கதை முடிந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம், முடியவில்லை. சீலையிலே தைக்கப்பட்ட அவ்வுடலோடு கதையும் கடலுக்குள் இறங்குகின்றது. சிறுமீன்கள் வருகின்றன, சுறா வருகின்றது. பின்னர் பார்வை மேலே திரும்பி, மாலைநேர வானத்தின் நிறங்களிலே போய் நிற்கின்றது. ஓர் எளிய மனிதனின் சாவு, அதைப் பற்றி எதுவுமே அறியாத பெருங்கடல், பெருவானம். இவற்றை அருகருகே வைத்துவிட்டு எழுத்தாளர் விலகிக்கொண்டார். 'ஐயோ' என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. வாசிக்கும் நாம் சொல்கிறோம்.

ஆகவே எழுத அமர்பவர் தம்மைத் தாமே கேட்க வேண்டிய முதலாவது கேள்வி: இச்சம்பவத்தை யாருடைய கண்ணால் காட்டப் போகிறேன்? கண்டவர் நானாக இருக்கலாம். ஆனால் கதையின் கண் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்ற நியதியில்லை.

இரண்டாவது கேள்வி: எங்கே தொடங்குவது? இதற்குப் புதுமைப்பித்தன் நல்ல ஆசான். அவர் 1943 இல் எழுதிய 'சாப விமோசன'த்தை எடுத்துக்கொள்ளுங்கள். அகலிகையின் கதை நாம் எல்லோரும் அறிந்தது. கல்லாகக் கிடந்தவள் இராமனின் பாதத் தூளினாலே பெண்ணானாள், அத்தோடு சுபம். எல்லோரும் முடித்த அந்த இடத்திலேதான் புதுமைப்பித்தன் தொடங்குகிறார். சாபம் நீங்கியது சரி, அதன் பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள்? கோதமன் எப்படி வாழ்ந்தான்? ஊரார் எப்படிப் பார்த்தார்கள்? சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் அதே இராமன் என்று அறியும்போது அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். 'முன்னொரு காலத்திலே ஒரு முனிவர் இருந்தார்' என்று அவர் தொடங்கியிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது புராணச் சுருக்கம். பெரும்பாலான புதிய எழுத்தாளர்களின் முதற்பக்கத்தை நீக்கிவிட்டாலும் கதைக்குக் குறைவு வருவதில்லை. ஏனென்றால் அந்தப் பக்கத்திலே அவர் கதையைத் தொடங்கவில்லை. தொடங்குவதற்குத் தம்மைத் தயார்படுத்திக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது கேள்வி: கதையின் பாரத்தை எந்தப் பொருள் சுமக்கப் போகிறது? ஈழத்துச் சிறுகதையின் முன்னோடிகள் என்று இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகிய மூவரையும் சேர்த்துச் சொல்வது நமது மரபு. இவர்களுள் 1961 இல் மறைந்த இலங்கையர்கோனின் பெயர் சொன்னவுடன் நினைவுக்கு வருவது 'வெள்ளிப் பாதசரம்'. புதிதாக மணமுடித்த இருவர் வல்லிபுர ஆழ்வார் கோயில் திருவிழாவுக்குப் போகிறார்கள். கணவன் ஆசையோடு வாங்கிக்கொடுத்த பாதசரங்களுள் ஒன்றை அவள் தொலைத்துவிடுகிறாள். அவனுக்குக் கோபம், அவளுக்குக் கண்ணீர். திரும்பும் வழியிலே கோபம் கரைந்து இருவரும் மறுபடியும் நெருங்குகிறார்கள்.

சம்பவம் என்று பார்த்தால் இதைவிடச் சிறிய சம்பவம் இருக்க முடியாது. ஒரு காற்சங்கிலி தொலைந்தது. ஊரிலே நாள்தோறும் ஏதோ ஒன்று தொலைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் 'மணவாழ்விலே அன்பு பெரிதா, பொருள் பெரிதா?' என்று எழுத்தாளர் எங்குமே பட்டிமன்றம் நடத்தவில்லை. அந்த வெள்ளிப் பாதசரத்தை இருவருக்கும் நடுவே வைத்தார். வாங்கும்போது அது அன்பின் அடையாளமாக இருக்கின்றது. தொலைந்ததும் அதுவே விலைமதிப்புள்ள பொருளாகிவிடுகின்றது. பின்னர் மறுபடியும் அது வெறும் வெள்ளியாகிறது. மனிதர் பெரியவர் ஆகின்றனர். ஒரே பொருள் மூன்று தடவை பெறுமதி மாறுகின்றது. அந்த மாற்றமே கதை. பெரிய சம்பவம் இல்லையே என்று ஏங்கும் இளைஞர்கள் இக்கதையைப் பத்துத் தடவை வாசிக்க வேண்டும்.

நான்காவது கேள்விதான் மிகக் கடினமானது: எதைச் சொல்லாமல் விடுவது? இதற்கு என்.கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' கதையைக் காட்டிலும் பொருத்தமான பாடம் நம்மிடம் இல்லை என்பது என் எண்ணம். மதுவிலக்குப் பிரசாரம் செய்யும் பெரியவர் ஒருவர். கள்ளிறக்கும் தொழிலை நம்பி வாழும், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிலர் அவரைக் காண வருகிறார்கள். மதுவிலக்கினால் தங்கள் பிழைப்புக்கு என்னவாகும் என்பது அவர்களுடைய கவலை. அவரோ மேடையிலே சமத்துவம் பேசுபவர். விரட்டமாட்டார், ஏசமாட்டார். அதே வேளையிலே வீட்டுக்குள்ளே அழைத்து இருத்தவும் அவருக்கு மனமில்லை. ஆகவே வெளியிலே நிலவு அழகாக இருக்கிறது, அங்கே இருந்து பேசலாம் என்று மிகப் பண்போடு முற்றத்துக்கு அழைத்துப் போகிறார்.

நேயர்களே, சாதிக் கொடுமையைப் பற்றிய கதையிலே அடி இல்லை, உதை இல்லை, தீ வைப்பு இல்லை. ஒரு கெட்ட வார்த்தை கூட இல்லை. இருப்பது நிலவு மட்டுமே. உலகத்துக் கவிஞர்களெல்லாம் பாடிய நிலவு இங்கே ஒரு வேலியாகிவிட்டது. 'இவன் வேடதாரி' என்று ஆசிரியர் ஒரு சொல் எழுதியிருந்தால் இக்கதை விழுந்திருக்கும். ஏனெனில் அச்சொல்லை வாசகன் தானே கண்டுபிடிக்கும்போதுதான் அவனுக்கு அது சுடுகின்றது. 'நானும் என்றேனும் ஒருவரை இப்படி நிலவுக்கு அழைத்திருக்கிறேனா?' என்று தன்னையே கேட்க வைக்கின்றது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இல் இந்நாட்டிலே கொண்டுவரப்பட்டது. சட்டம் தேநீர்க்கடைக் கதவையும் கோயிற் கதவையும் பற்றிப் பேசலாம். ஆனால் ஒரு மனிதர் விருந்தாளியை வீட்டினுள்ளே அழைக்காமல் நிலவைப் புகழும் நுட்பமான கணத்தை எந்தச் சட்டத்தினாலும் பிடிக்க முடியாது. சிறுகதையினாலேயே பிடிக்க முடியும். இவ்வடிவத்துக்கு உள்ள தனி ஆற்றல் இதுவே.

இனி இந்நான்கு கேள்விகளையும் நம் கையிலுள்ள ஒரு சம்பவத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் மக்கள் ஒரே இரவிலே இடம்பெயர்ந்ததைப் பலரும் அறிவீர்கள். இதை எழுதும் மாணவர் வழக்கமாக எப்படித் தொடங்குவார்? '1995 ஆம் ஆண்டு எம்மினத்தின் வரலாற்றிலே மறக்க முடியாத ஆண்டு. இலட்சக்கணக்கான மக்கள்...' என்று தொடங்குவார். இது உண்மைதான். ஆனால் இலட்சம் என்பது வரலாற்றாசிரியனின் எண். சிறுகதை எழுத்தாளனுடைய எண் ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அவ்வீட்டிலே ஒரு பசு நிற்கிறது. புறப்படும்போது தகப்பன் பசுவை அவிழ்த்துவிடுகிறார். கட்டியபடி விட்டுப்போனால் அது பட்டினியாலே செத்துப்போகும். இவ்வளவே நம்மிடமுள்ள சம்பவம். யாருடைய கண்ணால் காட்டலாம்? தகப்பனின் கண்ணால் என்றால் அவருடைய எண்ணங்களையெல்லாம் சொல்ல வேண்டிவரும். கதை கனத்துப் புலம்பலாகிவிடும். எட்டு வயது மகனின் கண்ணால் காட்டுவோம். அவனுக்கு அரசியல் தெரியாது, பசுவைத் தெரியும். எங்கே தொடங்கலாம்? ஒலிபெருக்கி அறிவிப்பிலே தொடங்க வேண்டாம். தகப்பன் மாட்டுக்கொட்டிலுக்குள்ளே முடிச்சை அவிழ்க்கும் கணத்திலே தொடங்கலாம். மழைக் குளிரிலே அவருடைய விரல்கள் தடுமாறுகின்றன. எந்தப் பொருள் பாரத்தைச் சுமக்கும்? வேறெதுவும் வேண்டாம், அந்தக் கயிறே போதும். எதை விடலாம்? ஷெல் விழுந்ததை விடலாம். தகப்பன் அழுததை விடலாம். 'ஊரைப் பிரிவது உயிரைப் பிரிவது போன்றது' என்ற வாக்கியத்தைக் கட்டாயம் விட வேண்டும்.

முடிவு? சனத்திரளோடு சனத்திரளாக நடந்து நாவற்குழிப் பாலத்தடியிலே வந்து நெருக்கத்திலே நிற்கிறார்கள். அப்போதுதான் மகன் கவனிக்கிறான். "அப்பா, ஏன் கயித்தைக் கொண்டு வாறியள்?" என்று கேட்கிறான். தகப்பன் தன் கையைப் பார்க்கிறார். கதையை அவ்விடத்திலேயே நிறுத்திவிடலாம். அவர் என்ன மறுமொழி சொன்னார் என்று எழுத முற்பட்டால், அது எவ்வளவு நல்ல மறுமொழியாக இருந்தாலும், கதையிலிருந்து ஏதோ ஒன்று கழன்று விழுந்துவிடும். எழுதிப் பார்த்தால் உங்களுக்கே தெரியவரும்.

கவனியுங்கள். சம்பவத்தை நாம் பெரிதாக்கவில்லை, சிறிதாக்கினோம். சிறிதாகச் சிறிதாக அது கனத்துக்கொண்டு போனது. இடம்பெயர்வு என்ற பெருஞ்சொல்லிலே இல்லாத ஒன்று, வெறுங்கயிற்றைப் பிடித்திருக்கும் கையிலே இருக்கின்றது.

மகன் பேசிய வாக்கியத்தை யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியிலே சொன்னேன். இது பற்றியும் ஒரு குறிப்பு. 1960களின் தொடக்கத்திலே ஈழத்து இலக்கிய உலகிலே 'இழிசனர் வழக்கு' என்றொரு விவாதம் எழுந்தது. பேச்சுமொழியை இலக்கியத்திலே கையாள்வது தமிழைக் கெடுக்கும் என்று மரபுவாதிகள் சிலர் வாதிட்டார்கள். டொமினிக் ஜீவா, டானியல், எஸ். பொன்னுத்துரை முதலானோரின் எழுத்துக்கள் அவ்வாதத்துக்கு நடைமுறையிலே விடையளித்தன. 1966 இல் ஜீவா தொடங்கிய 'மல்லிகை' 2012 வரை வெளிவந்து, பல மாவட்டத்து எழுத்தாளர்களின் மண்மணக்கும் மொழிக்கு இடங்கொடுத்தது. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மலையகத்துத் தோட்டமொழியை நம் காதுக்குக் கொண்டுவந்தது. இன்று எவரும் அவ்விவாதத்தை மீண்டும் நடத்துவதில்லை.

ஆயினும் இன்று எதிர்மாறான ஒரு பிழை நேர்கின்றது. பேச்சுமொழியை மண்வாசனைக்காகத் தூவும் தூளாகச் சிலர் கருதுகிறார்கள். எல்லாப் பாத்திரங்களும் ஒரே மாதிரி 'ஓம்', 'இஞ்சை', 'உவன்' என்று பேசுகின்றன. யார் பேசுகிறார்கள் என்று பெயரை மறைத்துவிட்டுக் கண்டுபிடிக்க முடிவதில்லை. வடமராட்சிக்காரரும் மட்டக்களப்பாரும் மன்னாராரும் ஒரே மாதிரிப் பேசுவதில்லை. ஒரே வீட்டிலே அப்புவும் பேத்தியும் கூட ஒரே மாதிரிப் பேசுவதில்லை. 'வா', 'வாரும்', 'வாருங்கோ' என்னும் மூன்றுக்கும் இடையிலே இருப்பது வயது, உறவு, சாதி, உத்தியோகம், கோபம் எல்லாந்தான். அச்சொற்களுள் ஒன்றைச் சரியாகத் தெரிவு செய்தால் ஒரு பந்தி வருணனையை விட்டுவிடலாம். பேச்சுமொழியின் பயன் வாசனை மட்டுமன்று, சிக்கனமுமாகும்.

சரி, இவற்றையெல்லாம் எவ்வாறு கற்பது? கதை எழுதக் கற்பிக்க முடியாது, அது பிறவியிலே வருவது என்று கூறுவோர் உண்டு. பிறவியிலே வருவது எவ்வளவு, பயிற்சியிலே வருவது எவ்வளவு என்று அளக்க என்னிடம் தராசு இல்லை. ஆனால் நாதஸ்வரமோ மிருதங்கமோ கற்பவர் பல ஆண்டுகள் சாதகம் செய்வதை நாம் இயல்பாக ஏற்றுக்கொள்கிறோம். கதைக்கு மட்டும் சாதகம் வேண்டாம் என்பது எவ்வாறு பொருந்தும்?

வகுப்பறையிலே பயன்தரக் கண்ட மூன்று பயிற்சிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, நல்ல கதையொன்றை எடுத்துக்கொண்டு, பந்தி பந்தியாக, 'இந்தப் பந்தி முடிந்தபோது எனக்குப் புதிதாக என்ன தெரியவந்தது? எது இன்னும் மறைக்கப்பட்டிருக்கிறது?' என்று ஓரத்திலே குறித்துக்கொண்டு வாசியுங்கள். எழுத்தாளர் எதை எப்போது கையிலிருந்து விடுகிறார் என்ற கணக்கு அப்போது புலனாகும். கதைச் சுருக்கம் எழுதுவதிலே இது புலனாவதில்லை. சுருக்கம் சம்பவத்தை மட்டும் காப்பாற்றிவிட்டுக் கதையை எறிந்துவிடுகின்றது.

இரண்டு, அதே கதையை வேறொரு பாத்திரத்தின் கண்ணிலிருந்து எழுதிப் பாருங்கள். 'நிலவிலே பேசுவோம்' கதையை அந்த வீட்டு அம்மாவின் கண்ணிலிருந்து எழுதினால் என்னவாகும்? 'வெள்ளிப் பாதசர'த்தை, பாதசரம் விற்ற கடைக்காரனின் கண்ணிலிருந்து எழுத முடியுமா? முடியாதென்றால் ஏன் முடியாது? இக்கேள்விக்கு விடை தேடுகின்ற மாணவர், 'நோக்குநிலை' என்ற கலைச்சொல்லை மனனஞ் செய்யத் தேவையில்லை. அதன் பொருள் அவருக்குக் கைவந்துவிடும்.

மூன்று, எழுதி முடித்த உங்கள் கதையின் முதற்பந்தியையும் இறுதிப் பந்தியையும் கையால் மூடிக்கொண்டு வாசியுங்கள். கதை அப்படியே நிற்குமாயின் அவ்விரண்டும் உங்களுக்காக எழுதப்பட்டவை, வாசகனுக்காக எழுதப்பட்டவையல்ல. தயங்காமல் வெட்டிவிடுங்கள். மனம் வலிக்கும். அந்த வலி இல்லாமல் இந்தக் கலை இல்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். பரீட்சைக்காக உருவம், உள்ளடக்கம், உத்தி, பாத்திரவார்ப்பு, படிப்பினை என்று ஐந்து தலைப்புக்களிலே குறிப்புக் கொடுப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. பரீட்சையைப் புறக்கணிக்க முடியாதுதான். ஆனால் குறிப்புக் கொடுப்பதற்கு முன்பு, கதையை ஒருமுறை முழுவதுமாகச் சத்தமாக வாசித்துவிட்டு, இரண்டு நிமிடம் எவரும் எதுவும் பேசாமல் இருக்க விட்டுப் பாருங்கள். பிறகு, 'உங்களுக்கு எந்த இடத்திலே நெஞ்சு நின்றது?' என்று மட்டும் கேளுங்கள். முப்பது பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே இடத்தைச் சொல்வார்கள். அந்த இடத்தை எழுத்தாளர் எவ்வாறு ஆயத்தம் செய்தார் என்று பின்னோக்கித் தேடுவதுதான் சிறுகதைப் படிப்பு. உருவமும் உத்தியும் அந்தத் தேடலின் வழியிலே தாமாகவே எதிர்ப்படும்.

இறுதியாக ஒன்று. செக்கோவின் ஐயோனாவுக்கு அந்த இரவிலே கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் அக்கதையே இல்லை. ஆனால் அவன் கதை எழுதப்பட்டதனாலே, எங்கோ பீற்றர்ஸ்பேர்க்கிலே ஒரு குதிரையிடம் சொன்னதை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகமெங்கும் மனிதர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நமது ஊர்களிலும் சொல்ல விரும்பிச் சொல்லாமல் இருப்பவர் பலர் இருக்கிறார்கள். திண்ணையிலே இருக்கும் அப்பு, அடுப்படியிலே இருக்கும் அம்மம்மா, லயத்து வாசலிலே இருக்கும் கிழவி. அவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டு வருகிறார்கள். அவர்களிடம் போய் இருந்து கேளுங்கள். பெரிய சம்பவத்தைக் கேட்காதீர்கள். அதை அவர்கள் பலருக்கும் பல தடவை சொல்லிவிட்டார்கள். அன்று என்ன சமைத்திருந்தீர்கள், கையிலே என்ன எடுத்துக்கொண்டு வந்தீர்கள், எதை எடுக்க மறந்தீர்கள் என்று கேளுங்கள். மறுமொழி சொல்லுமுன் அவர்கள் சற்று மௌனமாக இருப்பார்கள். உங்கள் கதை அந்த மௌனத்துக்குள்ளேதான் இருக்கிறது.